ஆறு இருபது ஸ்லாட்

கார்த்திகை பிறந்தும் வானம் கண்ணில் படவில்லை.
பூங்காவில் நடக்காதீர்கள் என்றார் டாக்டர்
எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டி.
ஜன்னலிலும் அதே சாம்பல்.

அப்படித்தான் வந்தேன்
மயூர் விஹார் சமூக மையத்துக்கு.
ஜிம்முக்குப் பின்னால்
மூலையில் சாய்த்த கேரம் பலகைகளைத் தாண்டி
ஒரு வெள்ளை அறை.
மூடிவிட்டால் கதவும் சுவர்தான்.

யாருடைய மகனோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து
விட்டுப்போன நான்கு ராக்கெட்பால் மட்டைகள்.
குட்டைக் காம்பு, மணிக்கட்டில் மாட்ட ஒரு கயிறு.
ஒரே ஒரு நீலப் பந்து.
கண்ணாடி போடாமல் ஆடிக் கண் போனால்
மையம் பொறுப்பல்ல என்று
ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார் மேனேஜர் தியாகி.
பெயர்.
ஃபிளாட் எண்.
அவசரம் என்றால் யாரைக் கூப்பிட?
பேனா கொஞ்சம் நின்றது.
ஆபீஸ் நம்பரை எழுதினேன்.

ஜோடி, குல்வீன் பசீன்.
மெட்ரோ ஓட்டுகிறவள்.
அவளும் அன்றைக்குத்தான் சேர்ந்திருந்தாள்.
கதவில் ஒட்டிய விதித்தாளை
தேர்வு முடிவு பார்ப்பதுபோல் எட்டி எட்டிப் படித்தோம்.
பந்து ஒருமுறை தரையில் குத்தலாம்.
இரண்டாவது குத்து விழுந்தால் போச்சு.
எந்தச் சுவரிலும் படலாம், முன்சுவரைத் தொட்டாக வேண்டும்.
மீதியைக் கரையான் தின்றிருந்தது.

முதல் வாரம் நாங்கள் ஆடவில்லை.
பந்து எங்களை ஆடியது.
நான் ஓடிப்போய்ச் சேரும்போது
நான் விட்டுவந்த இடத்தில் இருந்தது அது.
முன்சுவரின் அடியில் ஒரு தகரம்,
வேறு ஏதோ ஆட்டத்துக்காகப் பதித்தது,
பந்து பட்டால்
எவர்சில்வர் தட்டு கைநழுவிய சமையலறை.
அதைத் தப்பு என்றே வைத்துக்கொள்ளலாமா என்றாள் குல்வீன்.
சரி என்றேன்.
கரையான் தின்ற பகுதியில் அது இருந்திருக்கலாம்.

இருபது வருடமாகத் தணிக்கை அலுவலகத்தில்
திரும்பி வராத கோப்புகளை
அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்.
இங்கே எதை அனுப்பினாலும் அரை நொடியில் பதில்.
பெரும்பாலும் என் முழங்காலுக்கு.

மூன்றாவது வியாழக்கிழமை
ஒரே மூலைக்கு இரண்டு பேரும் பாய்ந்தோம்.
என் மட்டை பாதி வீச்சில், அவள் காது அதன் வழியில்.
"தள்ளு!"

இந்தி வரவில்லை.
இங்கிலீஷும் வரவில்லை.
இந்த ஊரில் நான் தமிழைத் தணித்தே பேசியிருக்கிறேன்,
போனில், அதுவும் பால்கனிக்குப் போய்.
கத்தியதே இல்லை.
நான்கு சுவரும் அதை வாங்கி
ஒன்றின்மேல் ஒன்றாய்த் திருப்பிப் போட்டன
தள்ளு, ள்ளு, ளு.
குல்வீன் தள்ளிக்கொண்டாள்,
அர்த்தம் கேட்டுக்கொண்டிருக்காமல்.
நான் அடித்தேன்.
தகரம்.

அடுத்த வாரம் அவள் கத்தினாள்: "தல்லூ!"
கேட்டை மறித்து பைக் நிறுத்திய பையனிடமும் அதே தல்லூ.
ராஜீவ் சௌக்கில்
கதவு மூடவிடாமல் தொங்கும் கூட்டத்தைப் பார்த்து
மைக்கை அணைத்துவிட்டு ஒருமுறை சொல்லிக்கொள்கிறாளாம்.
வேலை செய்கிறதா என்றேன்.
எனக்குச் செய்கிறது என்றாள்.

இடது தொடையில் பந்து பட்ட வட்டம்
நீலமாகி, ஓரத்தில் மஞ்சளாகிறது.
மூன்று மணி மீட்டிங்கில்
பத்தி நான்கு, துணைப்பத்தி இரண்டு என்று
யாரோ வாசித்துக்கொண்டிருக்க
மேஜைக்கடியில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன்.
வலிக்கிறது.
இன்னும் கொஞ்சம் அழுத்துகிறேன்.

இதுவரை ஸ்கோர் எழுதவில்லை.
பந்து உடைகிறவரைக்கும் ஆடுவதாக இருக்கிறோம்.
நேற்று தையலோரம் ஒரு மயிர்க்கோடு தெரிந்தது.
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.
டெல்லியில் இது எங்கே கிடைக்கும் என்று
அவளுக்கும் தெரியாது.
சர்வ் உன்னுடையது என்றாள்.